கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன்பு இன்ஜினைப் பாருங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கானாடுகாத்தானில் குடியிருக்கிறோம். எங்களிடம் 2017-இல் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. இதுவரை 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது பேட்டரி இறங்கிப் போயிருந்தது. தெருப் பிள்ளைகள் நாலு பேர் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம். அன்றைக்கே இன்ஜின் குலுங்கியது. டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு முதலில் விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிகிறது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கிடைத்தது 13 ஆகிவிட்டது. ஓட்டி நிறுத்தினால் அழுகிய முட்டை வாடை வருவதாக வீட்டில் சொல்கிறார்கள். புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை; அந்தச் சீட்டையும் ஸ்கேனர் தாளையும் இணைத்துள்ளேன். ஒரு பட்டறையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இன்னொருவர், உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு வெல்டிங் வைத்துவிடலாம், மைலேஜும் கூடும் என்கிறார். சென்ற கோடையில் இன்ஜின் சூடேறக் கூடாதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐயா காலத்து அம்பாசிடரைத் தள்ளித் தள்ளியே ஓட்டியிருக்கிறோம். அதற்கு ஒன்றும் ஆனதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

நீங்கள் இணைத்திருந்த இரண்டு தாள்களிலேயே பாதி விடை இருக்கிறது. புகைச் சீட்டின்படி, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 1.2 சதவீதம், எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் 380 பிபிஎம் (பத்து லட்சத்தில் 380 பங்கு). நிமிடத்துக்கு 2500 சுற்றில் லாம்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண், 0.96. உங்களுடையது போன்ற பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை விதிக்கு உட்பட்ட) பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் அனுமதிக்கப்படுவது 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும்தான், லாம்டா 0.97 முதல் 1.03 வரை இருக்கலாம். ஸ்கேனர் தாளில் இரண்டு பிழைக் குறியீடுகள் இருக்கின்றன. பி0302 என்பது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் பற்றாமல் போகிறது என்றும், பி0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்றும் சொல்கின்றன. நீங்கள் பார்த்த இரண்டு பட்டறைக்காரர்களும் பின்னதைப் படித்துவிட்டு முன்னதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். என் ஆலோசனை இதுதான்: இப்போதைக்குக் கன்வெர்ட்டரை மாற்றவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். இன்ஜினிலிருந்து அதற்குள் போகும் புகையை முதலில் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் புதிது வாங்கி மாட்டினால், அந்தப் புதியதும் இதே புகையைக் குடித்து இதே கதிக்கு வந்து சேரும்.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். தகரக் கூட்டுக்குள் இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 400 நுண்துளைகள் நீளவாக்கில் ஓடும். அந்தத் துளைகளின் சுவர்மேல் அலுமினாவும் சீரியம் ஆக்சைடும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பதிந்திருக்கின்றன. உங்கள் செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த பூச்சு எப்படி வழவழப்புக்காகச் செய்யப்பட்டதோ, அதற்கு நேர்மாறாக இந்தப் பூச்சு சொரசொரப்புக்காகச் செய்யப்பட்டது. சொரசொரப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குப் புகை உரசும் பரப்பும் கூடும். அந்தப் பரப்பில்தான் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து வெறும் நைட்ரஜனாகின்றன.

முதல் வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். இரண்டாவது வேலைக்கு ஆக்சிஜன் மிகுந்திருக்கக் கூடாது. ஒரே டப்பாவுக்குள் இரண்டும் நடக்க வேண்டுமானால், புகை மிகக் குறுகிய ஓர் எல்லைக்குள் நின்றாக வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் ஒரு கிலோ எரிபொருளுக்கு 14.7 கிலோ காற்று என்பது அந்த எல்லையின் நடுப்புள்ளி. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. எந்த எரிபொருளாக இருந்தாலும் அந்த நடுப்புள்ளியைத்தான் லாம்டா 1 என்கிறோம். கீழே இறங்கினால் பெட்ரோல் மிகுதி. மேலே ஏறினால் காற்று மிகுதி.

இப்போது உங்கள் சீட்டைத் திரும்பப் பாருங்கள். லாம்டா 0.96 என்றால், பெட்ரோல் முழுக்க எரிவதற்குத் தேவையான காற்றே இன்ஜினுக்குள் போகவில்லை என்று பொருள். கார்பன் மோனாக்சைடை எரிக்கக் கன்வெர்ட்டருக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புதிய கன்வெர்ட்டரை மாட்டியிருந்தாலும், அந்தப் புகையோடு அது பரிசோதனையில் தேறியிருக்காது. ஆகவே கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்பதற்கு இந்தச் சீட்டு ஆதாரம் ஆகாது. இன்ஜின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம். உங்கள் மைலேஜ் 17-இலிருந்து 13-க்கு இறங்கியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஏன் கூடுதலாகக் குடிக்கிறது? இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது சிர்கோனியாவால் ஆன சின்ன மின்வேதிக் கலம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புகையில் இருக்கும் ஆக்சிஜனையும் வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் ஒப்பிட்டு அது மின்னழுத்தம் தரும்: பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும். அதைப் பார்த்துத்தான் இன்ஜின் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்த சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும்; பெட்ரோல் எரிந்ததா எரியவில்லையா என்பது தெரியாது. இரண்டாம் சிலிண்டர் மிஸ் ஆகும்போது அதற்குள் போன பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் செலவாகவில்லை. இரண்டும் அப்படியே வெளியே வருகின்றன. சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு காற்று மிகுதி என்று சொல்ல, கணினி அதை நம்பி நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒரு சிலிண்டரின் கோளாறு இப்படித்தான் மற்ற மூன்றின் புகையையும் கெடுக்கிறது.

அந்த எரியாத பெட்ரோலும் அதோடு வந்த காற்றும் சூடான கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. கன்வெர்ட்டர் வேலை தொடங்க ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 400 முதல் 800 டிகிரி வரை இருக்கும். எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் பற்றும்போது வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டிவிடக் கூடும். அந்தச் சூட்டில் விலைமதிப்புள்ள உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய துகள்களாகிப் பரப்பை இழக்கும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகி வழியை அடைக்கும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு எரிந்தாலோ, கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது, ஓட்டத்தை உடனே குறைத்து ஓரமாக நிறுத்துங்கள் என்று அது சொல்கிறது. அன்று நீங்கள் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததோடு சரியென்றால் கன்வெர்ட்டர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அம்பாசிடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995 ஏப்ரலில். அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும். பெட்ரோலில் கலந்த ஈயம் கன்வெர்ட்டருக்கு நஞ்சு. ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுவதும் வந்ததே 2000 பிப்ரவரியில்தான். உங்கள் ஐயா காலத்து அம்பாசிடரில் கெட்டுப்போகக் கன்வெர்ட்டரே கிடையாது. தள்ளிக் கிளப்பும்போது எரியாமல் போன பெட்ரோல் சைலன்சர் வழியாகப் படபடவென்று வெடித்துவிட்டு வெளியேறும், அவ்வளவுதான். இன்றைய காரில் அதே பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்த் தங்கிவிடுகிறது. இனி பேட்டரி இறங்கினால் வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்புங்கள். பிள்ளைகளைத் தள்ளச் சொல்ல வேண்டாம். பல கார்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும்.

இனிச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு வருகிறேன். பட்டறைக்குக் கொண்டுபோகும் முன்பு, பகல் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து இரண்டாம் சிலிண்டருக்குப் போகும் வயர்களை நீங்களே பாருங்கள். இரண்டு மாதம் ஆளில்லாத பெரிய வீட்டில் நின்ற வண்டி. எலி வயரைக் கடித்திருந்தால் எனக்கு வியப்பு இருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். பஞ்சும் கந்தலும் சேர்த்து அதற்குள் எலி கூடு கட்டியிருப்பதை நம் பகுதியில் வருடம் தவறாமல் பார்க்கிறேன். வயர் நன்றாக இருந்தால் அடுத்தது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில். இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதின் காயிலை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்ட வேண்டும். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0302 ஆகவே வந்தால் இரண்டாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். பெரும்பாலும் காயிலோடும் பிளக்கோடும் வேலை முடிந்துவிடும். பிளக் மாற்றுவதாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

குறியீட்டை அழிப்பதற்கு முன்பு ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்னும் பக்கத்தைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்த கணத்தில் வண்டி எத்தனை வேகத்தில் போனது, கூலன்ட் எத்தனை டிகிரியில் இருந்தது, கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுத்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அழித்துவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

இன்னொரு வேண்டுகோள். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே காயில் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் அதனால் பெரிய சேதம் இல்லை. இப்போது அப்படிச் செய்தால் பிடுங்கிய நேரம் முழுவதும் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகும். அவசியமென்றால் இன்ஜெக்டர் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போது அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

அடுத்து தெர்மோஸ்டாட். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிப் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் இருப்பது இன்ஜினைச் சூடாக்குவதற்காக மட்டும் அல்ல. குறிப்பிட்ட வெப்பத்தில் நிறுத்தி வைப்பதற்காக. பெரும்பாலான கார்களில் அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால், குறிப்பாக உங்கள் ஊரிலிருந்து பள்ளத்தூருக்கும் செட்டிநாடு ரயில் நிலையத்துக்கும் குறுகிய தூரமே ஓட்டுபவர்களுக்கு, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். கூலன்ட் குளிர்ந்திருக்கும்வரை கணினி இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டித்தான் கொடுக்கும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஒழுகி இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். சென்ற கோடையில் உண்மையிலேயே சூடேறியதென்றால் ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேன் மோட்டாரையோ பார்த்திருக்க வேண்டும். உங்கள் காருக்குரிய தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டுங்கள். சில ஆயிரத்துக்குள் முடிகிற வேலை. கூடவே கூலன்ட்டையும் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதற்கும் இத்தோடு ஒரு முடிவு கட்டிவிடலாம்.

பிறகு புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் சென்சாருக்கு முன்னால், இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்டு கேஸ்கெட் பக்கம் சின்னக் கசிவு இருந்தாலும், புகை வெளியே வருவதோடு நிற்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். சென்சார் அதையும் காற்று மிகுதி என்றே படிக்கும், கணினி மறுபடி பெட்ரோலைக் கூட்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, பின்னால் சைலன்சர் வாயை ஈரத் துணியால் ஓரளவு அடைத்துப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். முன்னால் காதைக் கொடுத்துக் கேட்டால், கசிவு உள்ள இடத்தில் டிக் டிக் என்ற சத்தம் கூடும்; அங்கே கரிக்கோடு ஒன்றும் தெரியும். கேஸ்கெட் மாற்ற நேர்ந்தால் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை அப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து வரும் சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று குறிப்பிட்ட பேஸ்ட்டுகள் தனியாகக் கிடைக்கின்றன.

உங்கள் வீட்டில் ஆச்சி அவர்கள் கவனித்த அழுகிய முட்டை வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. அது வண்டியின் பின்னாலிருந்து வருகிறதா, பானெட் பக்கமிருந்து வருகிறதா என்று அவர்களையே மறுபடி கேளுங்கள். முன்னாலிருந்து வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். முழுவதும் இறங்கிப்போன பேட்டரி கெட்டிருந்தாலும், ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினாலும் இதே வாடைதான் வரும். அப்படியானால் பேட்டரியை உடனே மாற்றுங்கள். அது வெடிக்கவும் கூடும். பின்னாலிருந்து வந்தால், பெட்ரோலில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கந்தகம் கன்வெர்ட்டருக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வருகிறது. பெட்ரோல் மிகுந்த புகையில்தான் அப்படி நடக்கும் என்பதால் நான் மேலே சொன்னதற்கு அது இன்னொரு சான்று. அந்த மாற்றத்தைச் செய்வதும் கன்வெர்ட்டரில் இருக்கும் உலோகங்கள்தான். ஆகவே அந்த நாற்றம் ஒரு வகையில் நல்ல செய்தி: உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது.

இன்ஜின் ஆயிலின் அளவை டிப் ஸ்டிக்கில் பாருங்கள். காலையில் முதல் தடவை கிளப்பும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் சேர்க்கும் துத்தநாகம், பாஸ்பரஸ் இரண்டும் எரிந்து கன்வெர்ட்டரின் பூச்சை மூடிக்கொள்ளும். அப்படி மூடியதைத் திரும்ப எடுக்க முடியாது. 58,000 கிலோமீட்டரில் இது வந்திருக்க வேண்டியதில்லை என்பதால் இதை நான் கடைசியில் வைக்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு குறியீடுகளை அழித்துவிட்டு, திருச்சிச் சாலையில் நின்று நின்று போகாமல் ஒரே சீராக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போதே ஸ்கேனரை மாட்டி, முன் சென்சாரையும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின் சென்சாரையும் ஒரே திரையில் வரைபடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். 2500 சுற்றில் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் பெரிய அசைவில்லாமல் நின்றால், கன்வெர்ட்டரில் உள்ள சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலையை இன்னும் செய்கிறது. 45,000 ரூபாய் உங்கள் பெட்டியிலேயே இருக்கலாம். முன் சென்சார் ஆடுகிற அதே ஆட்டத்தைப் பின் சென்சாரும் ஆடினால் கன்வெர்ட்டர் முடிந்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். கன்வெர்ட்டரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெப்பமானி துப்பாக்கியால் சுட்டுப் பார்த்து வித்தியாசம் இல்லை, ஆகவே போய்விட்டது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். இன்ஜின் சுத்தமாக எரியும் புதிய கார்களில் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. கன்வெர்ட்டருக்குள் எரிய அதிகம் ஏதும் போகாதபோது வித்தியாசம் எப்படித் தெரியும்?

பிக்கப் குறைந்து வண்டி மூச்சுத் திணறுவது போல் இருந்தால் மட்டும் அடைப்பைச் சந்தேகிக்கலாம். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்தி, 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் உள்ளே பீங்கான் உருகியோ உடைந்தோ வழியை மறிக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டர் கூட்டை மெல்லத் தட்டினால் உடைந்த பீங்கான் கலகலவென்று சத்தமும் கொடுக்கும்.

உடைத்தெடுத்துவிடலாம் என்று சொன்னவரைப் பற்றி: மைலேஜ் அதிகரிக்காது. கன்வெர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினி முன் சென்சாரைப் பார்த்து அதே அளவு பெட்ரோலைத்தான் கொடுக்கும். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டரை உடைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருக்கலாம். அது அடைப்பு நீங்கியதன் பலன். மஞ்சள் விளக்கு எரியாமல் இருக்கப் பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்க அதற்கு அடியில் ஒரு நீளமான உலோகத் துண்டை வைத்து ஏமாற்றுவார்கள். அதோடு இன்ஜினுக்குள் அடுத்து என்ன கெட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும். சட்டமும் அனுமதிப்பதில்லை. புகை அளவை மீறும் வண்டியை ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதையெல்லாம் விட எனக்குக் கவலை வேறொன்று. உங்கள் கார் நிற்பது சுவர் சூழ்ந்த கொட்டகையாக இருந்தால், கன்வெர்ட்டர் இல்லாத இன்ஜின் அங்கே கொஞ்ச நேரம் ஓடினாலே கார்பன் மோனாக்சைடு ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், உங்கள் கார் மாடலுக்கென்று தயாரிப்பாளர் தருவதையே வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பவற்றில் விலைமதிப்புள்ள உலோகம் மிகக் குறைவாகவே இருக்கும். ஒரு புகைச் சீட்டு வாங்கும்வரை தாக்குப்பிடிக்கும், பிறகு பி0420 திரும்ப வரும். கழற்றிய பழையதைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் உலோகத்துக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் வாங்கிக்கொண்டு, அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கில் ஊற்றினால் கன்வெர்ட்டர் புதிதாகிவிடும் என்று விற்கும் பாட்டில்களுக்குச் செலவழிக்க வேண்டாம். கரி படிந்திருந்தால் ஒரு நெடும் பயணத்திலேயே எரிந்துவிடும். உருகியதையும் நஞ்சேறியதையும் எந்தப் பாட்டிலும் மீட்காது.

இனி வெளியூர் போகும்போது, திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தினமும் காலையில் ஐந்து நிமிடம் வண்டியைக் கிளப்பி வை என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் நம் பக்கம் அதிகம். அது நன்மையை விடக் கெடுதலே செய்யும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், பேட்டரியும் கிளப்பிய செலவை ஈடுகட்டாது. ஓட்டத் தெரிந்த நம்பிக்கையான ஆள் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடி வரை ஓட்டிப் போய்த் திரும்பச் சொல்லுங்கள், அது போதும். ஓட்டி முடித்த வண்டியை வைக்கோல் மேலும் காய்ந்த சருகு மேலும் நிறுத்தக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கன்வெர்ட்டரின் அடிப்புறம் சருகைப் பற்றவைக்கப் போதுமான சூட்டோடு இருக்கும்.

புகைப் பரிசோதனைக்கு மறுபடி போகும்போது வீட்டிலிருந்து நேராகப் போய் நிற்காதீர்கள். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நின்று பரிசோதியுங்கள். புதுச் சீட்டில் லாம்டா எண்ணை முதலில் பாருங்கள். அது 0.99-க்கும் 1.01-க்கும் இடையில் வந்து, அப்போதும் கார்பன் மோனாக்சைடு 0.3-க்கு மேலேயே நின்றால், அந்தச் சீட்டையும் இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் அனுப்பி வையுங்கள். எந்தக் கன்வெர்ட்டர் வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.